வில்லனுக்குக் கண்ணீர்! தலைவருக்கு விசில்! "2.0" படத்தால் இரண்டுபட்ட ரசிகர்கள்

சென்னை,

டி.வி.யில் "2.0" படம் போட்டால் போதும். டீக்கடை பெஞ்சில் சண்டை மூண்டுவிடும்.

"படம்னா இதுதான்யா படம்! வெள்ளைக்காரன் கூட இப்படி எடுக்க முடியாது" என்று ஒருவர் தொடையைத் தட்டுவார்.

"அட போப்பா! எங்க சிட்டியைக் காணோமேன்னு நான் தேடிக்கிட்டு இருக்கேன், நீ வேற" என்பார் இன்னொருவர்.

இருவரும் ரஜினி ரசிகர்கள்தான். அதுதான் வேடிக்கை!

8 ஆண்டு காத்திருப்பு

"எந்திரன்" படம் 2010-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி வெளியானது. அதன் 2-ம் பாகம் வந்த நாள் 2018-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி. நடுவில் 8 ஆண்டுகள் ஓடிவிட்டன.

முதலில் 2017 தீபாவளிக்கு ரிலீஸ் என்றார்கள். பிறகு 2018 ஜனவரி என்றார்கள். அப்புறம் ஏப்ரல். கிராபிக்ஸ் வேலை முடிந்தபாடில்லை. பின்னால் தொடங்கிய "காலா" முந்திக்கொண்டு ஜூன் மாதமே வந்து போய்விட்டது!

ரூ.500 கோடிக்கு மேல் செலவு என்று அப்போது பேச்சு. டைரக்டர் ஷங்கர், இசை ஏ.ஆர்.ரகுமான், வில்லன் இந்தி நடிகர் அக்ஷய்குமார். எதிர்பார்ப்பு எகிறியதில் ஆச்சரியம் இல்லை.

இதை எழுதும் நிருபர் அப்போது பள்ளிப் படிப்பை முடித்த பையன். மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நெரிசலில் நுழைந்தவன். கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார்கள். படம் "3 டி" காமிராவிலேயே எடுக்கப்பட்டது. 1984-ல் "மை டியர் குட்டிச்சாத்தான்" பார்த்த பெரியவர்களுக்கு கண்ணாடி ஒன்றும் புதுசு அல்ல. பையன்களுக்குத்தான் திருவிழா!

கையில் இருந்த செல்போன்கள் விர்ரென்று பறந்தன. ஆயிரக்கணக்கில் சேர்ந்து ராட்சதப் பறவை ஆயின. சிறகை விரித்து முகத்துக்கு நேரே வந்ததும் மாமா தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்து சீட்காரரும் குனிந்தார்.

"தலைவர் எங்கே?"

குறை சொல்பவர்கள் பிரமாண்டத்தைக் குறை சொல்லவில்லை. அவர்கள் கேட்பது வேறு.

"எந்திரன்" படத்தில் சிட்டி என்ற ரோபோ கொசுவைப் பிடித்து மன்னிப்பு கேட்க வைக்கும். பிரசவம் பார்க்கும். சனாவைக் காதலித்து உருகும். கடைசியில் கோர்ட்டு உத்தரவுப்படி தன் உடம்பைத் தானே கழற்றிப் போடும்போது, தகரத்துக்காக தியேட்டரே அழுதது. அந்தக் கதைக்கு எழுத்தாளர் சுஜாதாவின் கையும் இருந்தது. படம் வருவதற்கு 2 ஆண்டு முன்பே, 2008-ல், அவர் இறந்துவிட்டார்.

2-ம் பாகத்துக்கு ஷங்கருடன் சேர்ந்து வசனம் எழுதியவர் எழுத்தாளர் ஜெயமோகன். இதில் சிட்டியை எழுப்புவதே சண்டை போடத்தான். சிரிக்க நேரம் இல்லை, காதலிக்கவும் நேரம் இல்லை. சனாவோ போனில் கேட்கும் வெறும் குரல்! ஆட்டம் பாட்டத்தோடு தலைவர் வரும் அறிமுகப் பாட்டும் கிடையாது. முதல் பாகம் சுமார் 3 மணி நேரம். இது 2½ மணி நேரம்தான். குறைந்த அரைமணி நேரம் எங்கே போனது என்பது ரசிகர்களுக்குத் தெரியும்.

சிவப்பு "சிப்"பைப் பொருத்தி, பழைய முரட்டு சிட்டி "2.0" எழுந்து வந்த பிறகுதான் விசில் பறந்தது. "இதுக்குத்தான்யா வந்தோம்" என்று மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்குள் படம் முக்கால்வாசி முடிந்துவிட்டது.

பட்சிராஜன் செய்த குழப்பம்

உண்மையில் ரசிகர்களை இரண்டாக்கியவர் வில்லன் பட்சிராஜன்தான் என்பது இந்த நிருபரின் கணிப்பு.

படம் தொடங்கியதுமே ஒரு முதியவர் செல்போன் டவரில் தூக்குப்போட்டுக்கொள்கிறார். அவர் பறவைகளுக்காகவே வாழ்ந்தவர். கம்பெனி, கோர்ட்டு, மந்திரி என்று எல்லா வாசலிலும் ஏறி இறங்கியவர். யாரும் காது கொடுக்கவில்லை. அவர் கதை நடுவில் வந்தபோது தியேட்டரில் ஊசி விழுந்தாலும் கேட்கும். சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

அடுத்த ரீலில் அதே கிழவரைத் தலைவர் அடித்து நொறுக்குகிறார். கைத்தட்டுவதா, வேண்டாமா?

கிளைமாக்ஸ் இன்னும் மோசம். குட்டி ரோபோக்கள் புறாக்களின் மேல் ஏறி வந்து, புறாக்களையே காட்டி அவரை மிரட்டி மடக்குகின்றன. சின்னப் பிள்ளைகள் குதித்துக் கைத்தட்டினார்கள். "பாவம்டா அந்த ஆளு" என்று மாமா முணுமுணுத்தார். தலைவர் ஜெயிக்கும்போது மாமா அப்படிச் சொன்னதை அதற்கு முன் கேட்டதில்லை.

செத்தவரின் சக்தி செல்போனில் புகுந்தது என்ற கதையும் பலருக்கு இடித்தது. இது விஞ்ஞானப் படமா, பேய்ப்படமா என்று இடைவேளையிலேயே வாதம் தொடங்கிவிட்டது.

கம்பெனிகள் புகார்

வெளியே வேறொரு சண்டையும் நடந்தது. செல்போன் கம்பெனிகளின் சங்கம், படம் தங்கள் தொழிலைத் தவறாகச் சித்தரிக்கிறது என்று தணிக்கைக் குழுவிடம் புகார் செய்தது. அது படத்துக்கு இலவச விளம்பரம் ஆனதுதான் மிச்சம்!

குருவி விஷயத்தில் ஆராய்ச்சியாளர்கள் சொன்னது என்ன? இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2020-ல் ஓர் அறிக்கை வந்தது. நாடு முழுவதும் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது, ஆனால் பெரிய நகரங்களில் குறைந்திருக்கிறது என்கிறது அது. அந்த நகரங்களில் சென்னையும் ஒன்று. டவர்தான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றும் சொல்கிறது. ஓட்டு வீடும் தாழ்வாரமும் போனால் கூடு கட்ட இடம் ஏது? கான்கிரீட் சுவரில் புழு பூச்சிதான் ஏது?

திருட்டுப் பிரதி

ரிலீஸ் சமயத்தில் சென்னை ஐகோர்ட்டு 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இணையதளங்களை முடக்க உத்தரவிட்டது. அப்படியும் முதல் நாளே திருட்டுப் பிரதி வெளியே வந்துவிட்டது.

செல்போனைப் பற்றிய படத்தை செல்போனிலேயே திருட்டுத்தனமாகப் பார்த்தார்கள்! உள்ளங்கை அளவு திரையில் ராட்சதப் பறவை காக்கா மாதிரி தெரிந்தது. "இதுக்கா இத்தனை கோடி?" என்று உதட்டைப் பிதுக்கியவர்களில் பலர் இந்தக் கோஷ்டிதான். கண்ணாடி போட்டு தியேட்டரில் பார்த்தவர்களோடு இவர்கள் வாதம் செய்தால் எங்கே ஒத்துப்போகும்?

காசு கொடுத்துப் பார்த்துவிட்டு "சிட்டியைக் காணோம்" என்றவர்களின் கதை வேறு. அவர்கள் அதிக நாள் ஏங்கவில்லை. 6 வாரம் கழித்து, 2019 ஜனவரி 10-ந் தேதி "பேட்ட" வந்தது. டைரக்டர் கார்த்திக் சுப்புராஜ் ரஜினி ரசிகர். பாட்டு, ஸ்டைல், நக்கல் எல்லாம் இருந்தது. கண்ணாடி மட்டும் இல்லை.

மாமா அதை 2 தடவை பார்த்தார். இரண்டாவது தடவை டிக்கெட் எடுத்ததும் அவர்தான்.