கடுவன் பூனையின் சிறுநீர்த் தடை

நெல் மூடைகளை எலியிடமிருந்து காக்கும் பூனை, கமக்காரர் வீட்டிற்குப் பெருந்துணையாகும். மாடோ ஆடோ நோயுற்றால் உடனே கவனிக்கும் நாம், பூனையின் நோயைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பூனையும் நோயுற்றபோது மறைவிடத்தில் ஒதுங்கிக் கிடக்கும் இயல்புடையது. இதனால், உரிய காலத்தில் தீர்க்கக்கூடிய ஒரு நோய், கடுவன் பூனைகளை இரண்டு மூன்று நாட்களுள் கொன்றுவிடுகின்றது. அதுவே சிறுநீர்த் தடையாகும்.

நோயின் காரணம்

கடுவன் பூனையின் சிறுநீர்வழி நீண்டும், நுனியை நோக்கி ஒடுங்கியும் இருக்கும். சிறுநீரிலுள்ள உப்புக்கள் நுண்ணிய பளிங்குகளாகிச் சளி போன்ற பொருளுடன் சேர்ந்து இவ்வழியை அடைப்பதுண்டு. சிறு கற்களும், அழற்சியால் உண்டாகும் வீக்கமும் இவ்வாறே தடை விளைவிக்கும். பெட்டைப் பூனையின் வழி நீளத்திற் குறைந்தும் அகலத்திற் கூடியும் இருத்தலால், அதற்கு எரிவும் இரத்தம் கலந்த சிறுநீரும் ஏற்படினும், முழுத்தடை அரிதாகும். உடல் பருத்த, நீர் குறைவாகக் குடிக்கும் கடுவன்களிடத்து இந்நோய் கூடுதலாகக் காணப்படும்.

அறிகுறிகள்

பூனை அடிக்கடி மணலைக் கிளறிக் குந்தியிருந்து முக்கும். சில துளிகளே வெளிவரும். அன்றி ஒன்றும் வராது. வேதனையாற் கத்தும், குறியை ஓயாது நக்கும். பின்னர் உணவை வெறுத்துச் சத்தியெடுத்துச் சோர்ந்து கிடக்கும்.

இதனை மலச்சிக்கல் என எண்ணி, ஆமணக்கெண்ணெய் பருக்கி ஒரு நாளைப் போக்கிவிடுவோர் பலர். இது பெரும் பிழையாகும். ஐயம் தோன்றின், உலர்ந்த மணல் இட்ட தட்டுடன் பூனையை ஓர் அறையில் விட்டு நோக்குக. அது முக்கிய பின்னரும் மணல் நனையாதிருப்பின், சிறிதும் தாமதித்தலாகாது.

தாமதத்தின் விளைவு

வெளியேறாத சிறுநீரால் சிறுநீர்ப்பை நிரம்பிக் கல்லைப்போல் இறுகும். சிறுநீரகங்களின் தொழில் தடைப்பட, கழிவுப் பொருள்கள் இரத்தத்திற் சேரும். நாம் பயிருக்கு உரமாக இடும் பொற்றாசியம் உடலிலும் உண்டு. அது வெளியேறாது இரத்தத்தில் மிகுந்தால் இருதயம் நின்றுவிடும்.

கவனிக்க வேண்டியவை

1. பூனையைக் காற்றுப்புகும் கூடையில் இட்டு, உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுக. மறுநாள் பார்க்கலாம் என்றிருத்தல் உயிராபத்தாகும்.

2. வயிற்றை அமுக்கிச் சிறுநீரை வெளியேற்ற முயலற்க. சிறுநீர்ப்பை வெடித்துவிடக்கூடும்.

3. மனிதருக்குரிய மருந்துகளைக் கொடுக்கற்க. பரசிற்றமோல் பூனைக்குக் கொடிய நஞ்சாகும்.

4. வீட்டிலோ வயலிலோ எலிநஞ்சு வைத்திருப்பின் அதனை வைத்தியருக்குக் கூறுக. இரத்தம் உறைதலைத் தடுக்கும் நஞ்சுண்ட எலியைத் தின்ற பூனைக்கும் சிறுநீரில் இரத்தம் போகலாம்; அதற்குரிய சிகிச்சை வேறு.

வைத்தியர் மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழாயைச் செலுத்தித் தடையை நீக்குவார். இரத்தக் குழாய் வழியாக நீர்மருந்தும் ஏற்றுவார். இத்தடை சில நாட்களுள் மீண்டும் ஏற்படக்கூடும். ஆதலால், வீடு திரும்பிய பின்னரும் பூனை சிறுநீர் கழிப்பதை நாடோறும் நேரிற் காணவேண்டும்.

வருமுன் காத்தல்

சிறுநீர் நீர்த்திருப்பின் பளிங்குகள் எளிதிற் படியமாட்டா. ஆகவே சோற்றையும் மீனையும், உப்பிடாது மீன் அவித்த நீருடன் பிசைந்து கொடுக்க வேண்டும். கருவாட்டையோ உலர் உணவையோ மட்டும் கொடுத்து வளர்த்தல் நன்றன்று. வீட்டின் இரண்டு மூன்று இடங்களில் சிரட்டையிலோ மட்பாத்திரத்திலோ தூய நீர் வைத்து, நாடோறும் மாற்றுக. பீடைநாசினி அடைத்திருந்த பாத்திரங்களை இதற்கு ஒருபோதும் உபயோகித்தலாகாது.

நீருக்குச் செலவு இல்லை. மணலைப் பார்ப்பதற்குச் சில நிமிடங்களே போதும். இவ்விரண்டையும் வழக்கமாக்கிக்கொண்டால், களஞ்சியத்தைக் காக்கும் பூனையை நாமும் காத்தவராவோம்.