படியிறங்கிச் செல்லும் கிணறு

புதுடில்லிக்குச் செல்லும் நம்மவர்கள் பொதுவாக இந்தியா கேற்றையும் திரு இருதயப் பேராலயத்தையும் தரிசித்துத் திரும்பிவிடுவர். ஆனால், கொனோட் பிளேஸ் வர்த்தக மையத்திலிருந்து நடந்தே செல்லக்கூடிய தூரத்தில், ஹெய்லி வீதியை ஒட்டிய ஒரு சந்தினுள், பழைய கிணறொன்று உள்ளது. 'அக்ரசேன் கி பாவோலி' என்பது அதன் பெயர். பாவோலி என்றால் படிக்கிணறு. வீதியில் நின்று பார்ப்போருக்கு அது தென்படாது. நுழைவாயிலைக் கடந்ததும் காலடியில் பூமி பிளந்து கிடப்பதைப் போன்று நூற்றுக்கும் அதிகமான கற்படிகள் கீழ்நோக்கி இறங்குகின்றன.

ஏறத்தாழ 60 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் கொண்ட இக்கிணற்றை மகாராஜா அக்ரசேனர் அமைத்ததாக மரபு கூறும். இன்று நாம் காணும் கட்டுமானமோ டில்லி சுல்தான்களின் காலத்துக்குரியதெனக் கருதப்படுகிறது. இருபுறச் சுவர்களிலும் வளைவு மாடங்கள் மூன்று தளங்களாக அமைந்துள்ளன. மேற்குப் புறத்தில் சிறியதொரு பழைய பள்ளிவாசலும் உண்டு. படிகள் ஏன் இத்தனை? மழைக்காலத்தில் நீர் மேலெழும். கோடையில் கீழே தாழும். நீர் எந்த மட்டத்தில் நின்றாலும் மனிதர் தம் காலால் நடந்துசென்று அதனை அள்ளிக்கொள்ளவே இந்த ஏற்பாடு. வெயிலில் வாடி வந்தோர் மாடங்களின் நிழலில் இளைப்பாறவும் முடிந்தது. எம் ஊர்த் துலாக்கிணறு நீரை மேலே கொண்டுவரும். இங்கோ மனிதரே நீரிடம் இறங்கிச் செல்ல வேண்டும்.

கீழே இறங்க இறங்க வாகன இரைச்சல் மங்குகிறது. புறாக்களின் சிறகோசையே மிஞ்சுகிறது. அண்ணாந்து பார்த்தால், பழைய மதிலுக்கு மேலாக அடுக்குமாடிக் கட்டடங்கள் எட்டிப் பார்க்கின்றன. ஆனால் அடியில் நீரில்லை. நகரம் பெருகி நிலத்தடி நீர் தாழ்ந்துவிட்டதால் அடித்தளம் பெரும்பாலும் காய்ந்தே கிடக்கிறது. இளைஞர்கள் படிகளில் அமர்ந்து படம் பிடிக்கின்றனர். அதில் குறையொன்றும் காண்பதற்கில்லை. ஆளரவமற்றுப் பாழாவதிலும் அது மேல்.

அந்தப் படியொன்றில் அமர்ந்திருந்தபோது யோவான் நற்செய்தியின் 4ஆம் அதிகாரம் மனதில் எழுந்தது. தவக்கால மூன்றாம் ஞாயிறன்று, முதலாம் ஆண்டு வாசகமாக நாம் கேட்கும் பகுதி அது. நண்பகல் வேளை, பயணக் களைப்புடன் யாக்கோபின் கிணற்றருகே ஆண்டவர் அமர்ந்திருக்கிறார். கிணறோ ஆழமானது, அவரிடம் நீர் மொள்ளப் பாத்திரமும் இல்லை. வாழ்வளிக்கும் நீரைத் தரவல்லவர், ஊரார் ஒதுக்கிய ஒரு பெண்ணிடம் முதலில் தண்ணீர் கேட்டார். இந்த இடத்தை நாம் பெரும்பாலும் வேகமாகக் கடந்துவிடுகிறோம். கொடுக்க வந்தவர் கேட்பவராகத் தம்மைத் தாழ்த்திக்கொண்டதனாலேயே அவள் மனந்திறந்து பேசினாள். அறிவுரையோடு ஆரம்பித்திருந்தால், அவள் குடத்தை நிரப்பிக்கொண்டு மௌனமாகத் திரும்பியிருக்கக்கூடும். பிள்ளைகளோடு பேசும் பெற்றோராகிய எமக்கும் இது பொருந்தும்.

தொடக்கநூலின் 26ஆம் அதிகாரத்தில் ஈசாக்கின் கிணறுகளைப் பற்றி வாசிக்கிறோம். தந்தை ஆபிரகாம் தோண்டியவற்றைப் பெலிஸ்தியர் மண்ணிட்டுத் தூர்த்திருந்தனர். ஈசாக்கு அவற்றை மீண்டும் தோண்டி, தந்தை இட்ட அதே பெயர்களையே இட்டார். 2009க்குப் பின் வன்னிக்கு மீண்ட குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கூரையற்ற வீட்டுக்கு முன்பாகவே, தூர்ந்த கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்தவர்கள் எத்தனை பேர்!

நான் எழுந்தபோது ஒரு தாயும் சிறு மகனும் படிகளை எண்ணிக்கொண்டு இறங்கி வந்தனர். அடிக்கு வந்ததும் சிறுவன் குனிந்து பார்த்துவிட்டுத் தாயின் முகத்தை நோக்கி ஏதோ கேட்டான். மொழி எனக்கு விளங்காவிடினும் கேள்வி விளங்கியது. தாய் தன் பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து அவனிடம் நீட்டினாள்.