ஓரெழுத்தில் உத்தியோகம்!

எதிர் வீட்டுப் பையன் ஒரு விண்ணப்பத்துடன் வந்தான். "தபாலில் போடுமுன் ஒரு தடவை பார்த்துக் கொடுங்களேன், ஸார்!" என்றான்.

கணக்கு எழுதும் வேலைக்கு மனு. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. நடுவில் ஒரு வரி: 'ஐ ஹாவ் லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ்.' தனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு என்று சொல்லியிருப்பதாக அவன் நினைப்பு. ஒரு வருஷம் மளிகை மண்டியில் பேரேடு எழுதியவனாயிற்றே! ஆனால் மனுவைப் படிக்கும் மானேஜருக்கு, 'எனக்கு அனுபவம் அநேகமாக இல்லை' என்றல்லவா படும்? நல்லவேளை, கவர் ஒட்டவில்லை. 'லிட்டி'லுக்கு முன்னால் 'எ' என்ற ஓரெழுத்தைச் சேர்த்துக் கொடுத்தேன்.

'ஃபியூ'வின் கதையும் இதுதான். 'எ ஃபியூ ஃபிரண்ட்ஸ்' என்றால் சிநேகிதர்கள் சிலர் உண்டு. வெறும் 'ஃபியூ ஃபிரண்ட்ஸ்' என்றால் ஆள் பாவம், தனிக்கட்டை! 'குவைட் எ ஃபியூ' என்றாலோ நிறைய என்று அர்த்தம். இந்த விசித்திரத்துக்கு நான் பொறுப்பல்ல.

நமக்கு இது ஒன்றும் புதிதல்ல. "சர்க்கரை கொஞ்சம் இருக்கிறது" என்று வீட்டில் சொன்னால், காபி கிடைக்கும் என்று உட்காரலாம். "கொஞ்சந்தான் இருக்கிறது" என்றால் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்ப வேண்டும். நாம் 'தான்' சேர்த்துக் குறையைச் சொல்கிறோம். ஆங்கிலேயர் 'எ'யை நீக்கிச் சொல்கிறார்கள்.

இந்தியாவில் 2013 வரை தந்தி இருந்தது. வார்த்தைக்கு இவ்வளவு என்று கட்டணம். காசை மிச்சம் பிடிக்க, சின்னச் சொற்களை அடித்துவிடுவார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் தந்தியில் 'எ லிட்டில் ஹோப்' என்றிருந்தால் பிழைக்க வழியுண்டு. அந்த 'எ' போய்விட்டால்? ரயிலேறும் வரை வீடே அழுதிருக்கும்!

எண்ணக்கூடியவற்றுக்கு 'மெனி', 'ஃபியூ'; எண்ண முடியாதவற்றுக்கு 'மச்', 'லிட்டில்'. இது பள்ளிப் பாடம். வம்பு எங்கேயென்றால், நாம் எண்ணுகிற சிலவற்றை ஆங்கிலம் எண்ணுவதில்லை. கூடத்தில் நாற்காலி நான்கு, மேஜை ஒன்று இருக்கலாம். 'ஃபர்னிச்சர்' மட்டும் ஒருமைதான். 'ஃபர்னிச்சர்ஸ்' கிடையாது. 'அட்வைஸ்', 'லக்கேஜ்', 'இன்ஃபர்மேஷன்' எல்லாம் அதே ஜாதி.

'லெஸ்', 'ஃபியூவர்' விஷயத்தில் ஆங்கிலேயருக்குள்ளேயே சண்டை. ஒன்பதாம் நூற்றாண்டில், ஆல்பிரட் மன்னர் பெயரால் வழங்கும் மொழிபெயர்ப்பிலேயே எண்ணக்கூடிய சொல்லுடன் 'லெஸ்' வந்திருக்கிறது. 1770-இல் ராபர்ட் பேக்கர் என்பவர், எண்ணிக்கைக்கு 'ஃபியூவர்' அழகு என்று தம் ரசனையைச் சொன்னார். பின்வந்த வாத்தியார்கள் அதையே சட்டமாக்கிவிட்டார்கள்! 2008-இல் இங்கிலாந்தின் டெஸ்கோ கடைக்காரர்கள் 'டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்' என்ற பலகைக்குப் பதிலாக 'அப் டு டென் ஐட்டம்ஸ்' என்று எழுதினார்கள். கெட்டிக்காரர்கள், இரண்டு சொல்லையுமே கைகழுவிவிட்டார்கள்! ஆனாலும் பரீட்சை எழுதுகிறவர்கள் 'ஃபியூவர்' என்றே எழுதுங்கள். மார்க்கோடு விளையாடக் கூடாது.

பையனின் மனுவில் இரண்டாம் பக்கத்தில் 'மெனி ஸர்டிபிகேட்ஸ்' என்று இருந்தது. அதில் தப்பில்லை, ஸர்டிபிகேட்டை எண்ணலாம். எண்ணிப் பார்த்தேன். இரண்டுதான்!