பெருங்காய டப்பாவிலும் கோதுமை! லேபிளைப் படிங்க சகோதரிகளே



நம்ம குழு அக்கா ஒருவரின் மகளுக்கு ஒன்பது வயசு. ஓயாத வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, வயசுக்கேத்த வளர்த்தி இல்லை. பூச்சி மருந்து, டானிக் எல்லாம் கொடுத்தும் பலனில்லை. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோப்பியும் செய்து ‘சீலியாக் நோய்’ என்றார்கள். கோதுமையை அறவே நிறுத்தச் சொன்னார்கள். சப்பாத்தி, பரோட்டா, பிஸ்கட் எல்லாம் நிறுத்தியாச்சு. நாலு மாசம் ஆகியும் வலி முழுசாப் போகலை. “சோறும் சாம்பாரும்தானே கொடுக்கிறேன்” என்று அக்கா அழுதார். சாம்பாரில்தான் விஷயமே இருந்தது. அவர் போட்ட பெருங்காயத்தில் கோதுமை மாவு!

இது என்ன நோய்?

பரோட்டா மாவை இழுத்தா ரப்பர் மாதிரி நீளுதே, அந்த இழுவைக்குக் காரணம் குளூட்டன் என்ற புரதம். இது கோதுமையிலும் பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் உண்டு. சீலியாக் உள்ளவர்கள் இதைச் சாப்பிட்டால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைப் புண்ணாக்கிவிடும். பிறகு எவ்வளவு சத்தாகச் சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. இது தொற்று நோய் அல்ல. ஆயுள் முழுக்கக் குளூட்டனைத் தவிர்ப்பதுதான் வைத்தியம். “துளிதானே” என்று விடவும் முடியாது. வலி தெரியாவிட்டாலும் குடல் கெடும்.

மற்றவங்க பயந்துபோய் கோதுமையை நிறுத்த வேண்டாம். சந்தேகம் இருந்தால் முதலில் பரிசோதனை செய்யுங்க. முன்கூட்டியே கோதுமையை நிறுத்தினால் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம்.

எதில் ஒளிந்திருக்கும்?

* பெருங்காயம்: சுத்தமான பெருங்காயம் காரம் அதிகம். அதனால் கோந்தும் மாவும் கலந்துதான் விற்கிறார்கள். பெரும்பாலும் அது கோதுமை மாவு. கட்டியானாலும் தூளானாலும் பாருங்க. அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது.
* பெருங்காயம் சேர்த்த சாம்பார் பொடி, இட்லிப் பொடி, ஊறுகாய், அப்பளம், முறுக்கு.
* ரவை, சேமியா, மைதா. இவை கோதுமையேதான்.
* மால்ட் சேர்த்த சத்து பானங்கள். மால்ட் பெரும்பாலும் பார்லியில் செய்வது.
* சோயா சாஸ், சத்துமாவு கலவை.

லேபிளை எப்படிப் பார்ப்பது?

எழுத்து பொடிசா, இங்கிலீஷில்தான் இருக்கும். பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்க. ‘இங்கிரீடியன்ட்ஸ்’ என்ற இடத்தில் வீட், ஆட்டா, மைதா, சூஜி, செமோலினா, பார்லி, மால்ட், ரை என்று ஏதாவது இருந்தால் வேண்டாம். கீழே ‘கன்டெயின்ஸ் வீட்’ என்று இருக்கிறதா என்றும் பாருங்க. ‘வீட் ஃப்ரீ’ என்று போட்டிருந்தாலும் பார்லி இருக்கலாம். ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று போட வேண்டுமானால், நம் நாட்டுச் சட்டப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. பச்சைப் புள்ளி என்பது சைவம் என்பதற்கு மட்டும்தான். ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் படிங்க, கலவையை மாற்றியிருக்கலாம்.

லேபிள் இல்லாத இடம்

மாவு மில்லில் கோதுமை அரைத்த மிஷினிலேயே கேழ்வரகைப் போட்டால் கலந்துவிடும். வீட்டு மிக்ஸியில் அரைப்பது நல்லது. பூரி சுட்ட எண்ணெயில் வடை, ரவா தோசை ஊற்றிய கல்லில் சாதா தோசை, இரண்டும் ஆகாது.

கவலை வேண்டாம். அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, பருப்பு, காய், மீன், முட்டை எதிலும் இயற்கையாகக் குளூட்டன் இல்லை. அந்தப் பிள்ளை இப்போ இட்லியும் கம்பங்கூழுமாகத் தேறி வருது.

நாம் செய்ய வேண்டியது

நம்மில் பலர் ஊறுகாய், பொடி, அப்பளம் செய்து விற்கிறோம். நாம் போடும் பெருங்காய டப்பாவை இன்றைக்கே திருப்பிப் பாருங்க. கோதுமை இருந்தால் நம் லேபிளிலும் ‘கோதுமை உண்டு’ என்று எழுத வேண்டும். அது சட்டம் மட்டுமல்ல, இன்னொரு தாய்க்கு நாம் செய்யும் உதவி. அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசி, தீர்மான நோட்டில் எழுதுங்க.

வாங்கும்போது படிப்போம்! விற்கும்போது எழுதுவோம்!