ஆழம் இருக்கிறது, பாதை எங்கே?

மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் ஓடிவந்து, மூதூர்ப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. மலைநாட்டு மண்ணை வாரிக்கொண்டு இத்தனை பெரிய ஆறு வந்து விழுந்தும் குடா ஏன் தூர்ந்துபோகவில்லை?

காரணம் கடலுக்கு அடியில் இருக்கிறது. குடாவுக்குள்ளேயே ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி, கரையை விட்டு விலக விலக 3,000 மீற்றருக்கும் கீழே இறங்குகிறது. ஆற்று மண்ணில் ஒரு பங்கை அது வடிகால்போல ஆழ்கடலுக்குக் கடத்திவிடுகிறது. நீலத் திமிங்கிலங்கள் திருகோணமலைக் கரைக்கு அவ்வளவு கிட்ட வருவதற்கும் இந்த ஆழம் ஒரு காரணம்.

குடாவின் வடக்கே திருகோணமலையின் உள்துறைமுகம். கோணேசர் கோயில் நிற்கும் மலையைப் போன்ற பழமையான கடும்பாறைகள் வளைந்து வளைந்து நீரைச் சூழ்ந்திருக்கின்றன. துறைமுக அதிகார சபையின் கணக்கில் நீர்ப்பரப்பு 1,630 ஹெக்டேயர்; வாயிலின் அகலமோ 500 மீற்றர்தான். அதனால் எந்தப் பருவக்காற்றின் பேரலையும் உள்ளே வருவதில்லை. வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசமும் ஒரு மீற்றருக்குக் குறைவு. கப்பல் பெருக்குக்காகக் காத்துக்கிடக்க வேண்டியதில்லை.

இந்தப் பாதுகாப்பின் அருமையைச் சோழமண்டலக் கரையோடு ஒப்பிட்டால்தான் தெரியும். அன்றைய சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட, மசூலாப் படகுகள் அலையைத் தாண்டிச் சரக்கேற்றின. ஐப்பசி, கார்த்திகைப் புயல் வந்தால் அங்கே நிற்கவே முடியாது. திருகோணமலையைக் கையில் வைத்திருப்பவருக்கு மட்டும் அந்த மாதங்களிலும் கப்பற்படைக்கு ஒதுங்க இடம் இருந்தது. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து இதைப் பிடித்தார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் பறித்துக்கொண்டார். 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்தார்கள். 1957வரை அவர்களுடைய கடற்படைத் தளம் இங்கே இருந்தது.

ஆனால் வணிகம் இந்தப் பக்கம் திரும்பவில்லை. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் நீராவிக் கப்பல்களுக்கு இலங்கையில் நல்ல துறை தேவைப்பட்டது. ஆங்கில அரசு தெரிவு செய்தது கொழும்பை. அங்கே இயற்கை கொடுக்காததைக் கல்லைக் கொட்டிக் கட்டினார்கள்: 1875இல் தொடங்கிய அலைதடுப்புச் சுவர் 1885இல் முடிந்தது. தோட்டங்களும் அவற்றின் விளைச்சலை இறக்கும் ரயிலும் கொழும்புப் பக்கம் இருந்ததே காரணம். திருகோணமலைக்கு ரயில் வந்தது 1927இல்தான்.

அதன்பின் வந்த யோசனைகளிலும் உள்நாட்டுச் சரக்கைவிட வெளிநாட்டுக் கணக்கே முன்னே நின்றது. திருகோணமலைச் சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளைப் பாருங்கள். ஆங்கிலேயர் கடற்படைக்காகக் கட்டியவை. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் தாக்கியதில் ஒன்று எரிந்தழிந்தது. எஞ்சிய 99இல் பெரும்பாலானவை பல பத்தாண்டுகள் காட்டுக்குள் வெறுமையாகக் கிடந்தன. 1987 இந்திய இலங்கை ஒப்பந்தக் கடிதங்களில் இந்தத் தாங்கிகள் இடம்பெற்றன. 2003இல் இந்திய நிறுவனத்துக்குக் குத்தகைக்குப் போயின. 2022இல் 14, 61, 24 என மூன்று பங்குகளாகப் பிரிக்கப்பட்டன. 2025 ஏப்ரலில் இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் சேர்ந்து இங்கே எரிசக்தி மையம் அமைக்க உடன்பட்டன. இதற்கிடையே குடாக் கரையிலுள்ள சம்பூருக்குத் திட்டமிட்ட 500 மெகாவாட் அனல் மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. அந்த ஊருக்கு இப்போது சூரிய மின்திட்டம் வந்திருக்கிறது.

இத்தனை திட்டங்கள் வந்துபோன இதே மாவட்டத்தில், கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியாத காலத்தில் மக்கள் களப்பைக் கடந்தது படகுப் பாதை என்னும் மிதவையில். 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் புறப்பட்ட பிள்ளைகளும் இறந்தார்கள். பெருங்கப்பல்கள் வரும் துறைக்குப் பக்கத்து ஊரில், சிறு களப்பைக் கடக்க அன்று பத்திரமான வழி இருக்கவில்லை.

துறைமுகம் செழிக்க ஆழம் மட்டும் போதாது, பின்னால் ஊரும் தெருவும் ரயிலும் வேண்டும் என்பதைக் கொழும்பு 1885இலேயே காட்டிவிட்டது. அடுத்து எந்த நாடு எந்தத் திட்டத்தோடு வந்தாலும், கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் குறிஞ்சாக்கேணிக்கும் அதில் என்ன இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பதில் இல்லாத திட்டத்துக்குக் கையெழுத்து வேண்டாம்.