மலக்குடல் அறுவைக்குப் பிறகு தசைக்கும் வேண்டும் பயிற்சி

பொன்முடி மலையிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கல்லாற்றுக்கு இறங்குவதற்குள் 22 கொண்டை ஊசி வளைவுகள். மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் இந்தப் பாதையில் பேருந்து ஏறத் தயங்கினால், அவர் அஞ்சுவது வளைவுகளுக்கு அல்ல. நடுவழியில் வயிறு முடுக்கினால் எங்கே இறங்குவது? குமரி, நெல்லைப் பக்கமிருந்து திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு மறுபரிசோதனைக்கு வருகிறவர்களுக்கும் இதே கவலைதான். பயண நாளில் பட்டினி கிடந்து சமாளிப்பவர்கள் உண்டு.

மலக்குடல் ஒரு தொட்டி மாதிரி. மலம் சேரச் சேர விரிந்து கொடுக்கும். நேரம் பார்த்து நாம் போகலாம். புற்றுநோய்க்காக அதை அகற்றி, பெருங்குடலின் முனையைக் கீழே இழுத்து ஆசனவாய்ப் பக்கம் இணைக்கிறார்கள். புதிய குழாய்க்கு அந்த அளவு விரியத் தெரியாது. கதிர்வீச்சு கொடுத்திருந்தால் திசு இன்னும் இறுகியிருக்கும், நரம்புகளும் பாதிக்கப்பட்டிருக்கலாம். அவசரம், ஒரு மணி நேரத்துக்குள் திரும்பத் திரும்பப் போவது, காற்றா மலமா என்று பிரித்தறிய முடியாமை, கசிவு எல்லாம் இதனால்தான். மருத்துவர்கள் இந்தத் தொகுப்பை 'லார்ஸ்' என்கிறார்கள். 2012இல் டென்மார்க்கில் உருவான ஐந்து கேள்விகளால் இதன் கடுமையை அளக்கலாம். மொத்தம் 42 மதிப்பெண். 30ஐத் தொட்டால் கடுமையானது.

வயிற்றில் நிரந்தர மலப் பை இல்லாமல் உயிர் பிழைத்தது பெரிய விஷயம்தான். அதனாலேயே, “இதையெல்லாம் டாக்டரிடம் போய்ச் சொல்வதா” என்று நோயாளி வாயை மூடிக்கொள்கிறார். கேட்காமல் விடுவது மருத்துவமனையின் குறை என்பேன். அறுவைக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது.

இடுப்பின் அடியில் வால் எலும்புக்கும் முன்பக்க இடுப்பெலும்புக்கும் இடையே விரிந்திருக்கும் தசைகளும், ஆசனவாயைச் சுற்றியுள்ள வளையத் தசையும்தான் மலத்தை அடக்குகின்றன. இவற்றுக்கான பயிற்சியை 1948இல் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கீகல் பிரபலப்படுத்தினார். காற்று வெளியேறாமல் அடக்குவதுபோல் ஆசனவாயை உள்ளே, மேலே இழுக்க வேண்டும். பிட்டம், தொடை, வயிறு இறுகக் கூடாது. மூச்சை அடக்கக் கூடாது. முதலில் ஐந்து வினாடி பிடித்து, அதே அளவு நேரமோ கூடுதலாகவோ முழுதாகத் தளர விட வேண்டும். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. பிறகு சில விரைவான இறுக்கங்கள். தளர்த்துவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எப்போதும் இறுகிக் கிடக்கும் தசையால் அவசரத்தில் உதவ முடியாது. முடுக்கு வரும்போது கழிப்பறைக்கு ஓடாமல், உட்கார்ந்து, இறுக்கி, அலை தணியும் வரை மூச்சு விட்டுப் பொறுப்பதும் பயிற்சிதான். முதலில் வீட்டில் பழகிவிட்டு, அப்புறம் பேருந்து.

சரியான தசைதானா என்பதை முதல் சில தடவை ஒரு இயன்முறை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். சிறு உணர்கருவியை ஆசனவாயில் வைத்து, இறுக்கத்தைத் திரையில் காட்டும் பயோஃபீட்பேக் முறையும் உண்டு. வழி தெரிந்துவிட்டால் மலை மேல் இருந்தே தொடரலாம். கருவி வேண்டாம், செலவில்லை. ஆனால் தையல் ஆறியபின், தற்காலிகப் பை போட்டிருந்தால் அதை எடுத்த பின், அறுவை மருத்துவர் அனுமதித்தால் மட்டுமே தொடங்க வேண்டும்.

பலன்? பெல்ஜியத்தில் லூவென் ஆய்வாளர்கள் 12 வாரப் பயிற்சியைச் சோதித்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். நான்கு மாதத்தில் பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 38 பேரும், பெறாதவர்களில் 20 பேரும் மேம்பட்டிருந்தார்கள். ஓராண்டில் வித்தியாசம் குறைந்தது. அதாவது பயிற்சி மீட்சியை விரைவுபடுத்துகிறது. நெதர்லாந்தில் நடந்த இன்னொரு ஆய்வில் எல்லோருக்கும் சேர்த்துப் பெரிய மாற்றம் தெரியவில்லை. அவசரம் அதிகமாக இருந்தவர்களுக்குப் பலன் தெரிந்தது. மூன்று மாதம் முழுதாகச் செய்து பார்க்காமல் கைவிட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

கூடவே மருத்துவர் சொன்னால் மலத்தைக் கெட்டிப்படுத்தும் இசப்கோல், குடலின் வேகத்தைக் குறைக்கும் லோபரமைடு மாத்திரை உதவும். அவற்றுக்கும் அடங்காதவர்களுக்கு ஆசனவாய் வழியே நீர் செலுத்திக் குடலைக் கழுவும் முறை உண்டு. அதற்கும் மசியாமல் வாழ்க்கையே முடங்கினால், சிலர் மறுபடி பையைத் தேர்கிறார்கள். அது தோல்வி அல்ல; அந்த வழி இருக்கிறது என்றும் நோயாளிக்குச் சொல்ல வேண்டும்.