கலக்கருவில் இசுத்தோன் சேருமாறு

மனிதக் கலமொன்றின் கருவிலுள்ள டீ. என். ஏ. இழைகளை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைப்பின் ஏறக்குறைய 2 மீற்றர் நீளமாகும். கருவின் விட்டமோ ஒரு மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்களவே. இவ்விழையைச் சுற்றிவைத்தற்கு உதவும் புரதங்களே இசுத்தோன்கள். இவற்றை 1884ஆம் ஆண்டில் வாத்தின் குருதிக் கலங்களினின்று பிரித்தெடுத்தவர் ஜெர்மானிய அறிஞர் அல்பிரெக்ட் கொசெல். எனினும், இவை இழையோடு அமைந்துள்ள முறை 1974இல் ரோஜர் கோண்பேக் வெளியிட்ட ஆய்வின் பின்னரே தெளிவுறலாயிற்று. எச்2ஏ, எச்2பீ, எச்3, எச்4 என்னும் நான்கும் இவ்விரண்டாய்க் கூடிய எண்புரதத் திரளின்மீது 147 உப்புமூலச் சோடிகள் கொண்ட இழைத்துண்டு ஏறத்தாழ 1.65 சுற்றாகச் சுற்றியிருக்கும். இம்மணியே நியூக்கிளியோசோம், இத்தகைய மணிகள் கோத்த மாலையே குரோமற்றின்.

இலைசீன், ஆர்சினீன் என்னும் அமினோவமிலங்கள் மிகுந்திருத்தலால் இசுத்தோன் நேரேற்றமுடையது, டீ. என். ஏ. மறையேற்றமுடையது. ஆயின், அவை தாமே கூடுமன்றோ, துணை எதற்கு என மாணவர் வினவுதல் இயல்பே. கவர்ச்சி மிகுதியே ஈண்டு இடையூறு என்பதுதான் வியப்பு. கலத்திலுள்ள உப்புச் செறிவில் இரண்டையும் வாளா கலந்தால் ஒழுங்கான மணிகள் உண்டாகா. யாவும் திரண்டு வீழ்படிவாகும். ஆய்வுகூடத்தில் உப்பைப் பெருக்கிக் கவர்ச்சியைத் தணித்துப் பின் சிறிது சிறிதாகக் குறைத்தால் மணிகள் தோன்றும். உயிருள்ள கலத்திற்கு அவ்வழி இல்லை.

1978இல் லாஸ்கியும் அவர்தம் குழுவினரும் ஆபிரிக்கத் தவளை முட்டையில் அமிலத்தன்மையுள்ள புரதமொன்றைக் கண்டனர். அது இசுத்தோனைப் பற்றி அதன் ஏற்றத்தை மறைத்து, இழையிடம் முறையாக ஒப்படைத்தது. கன்னிப்பெண்ணுக்குக் காவலாக உடன்செல்லும் முதியவளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையே அவர்கள் இதற்கு இட்டனர். நம் அகத்திணைத் தோழி இதனினும் பொருத்தமானவள். தகாத கூட்டத்தை விலக்குதலோடு தக்க இடத்திற் கூட்டுவித்தலும் அவள் தொழிலன்றோ!

கலம் பிரியுமுன் டீ. என். ஏ. இரட்டிக்கும். பழைய இசுத்தோன்கள் இரு புதல்வி இழைகளுக்கும் பகிரப்படும். குறைவதைப் புதியன நிரப்பும். 1989இல் ஸ்மித்தும் ஸ்ரில்மனும் அறிவித்த சீ. ஏ. எவ்.-1 என்னும் துணைப்புரதம், இழையை அணைத்துநிற்கும் வளையமொன்றைப் பற்றிக்கொண்டு, புதிய எச்3, எச்4 ஆகியவற்றை முதலில் இருத்தும். எச்2ஏ, எச்2பீ சோடிகள் பின்னரே சேரும்.

பிரியாத கலத்திலும் இப்பணி ஓய்வதில்லை. எச்3.3 என்னும் வேற்றுருவை ஹைரா முதலிய வேறு துணைவர் எக்காலத்தும் சேர்ப்பர். சிறுவரின் மூளைத்தண்டுக் கழலைகள் பலவற்றில் இவ்வுருவின் 27ஆம் இலைசீன் மெதியோனீனாக மாறியுள்ளமை 2012இல் அறியப்பட்டது. துணைவர் இப்பிழையை அறியார். மாறிய புரதத்தையும் ஏனையவை போலவே இழையில் இருத்துவர். அதுவோ, ஆங்கிருந்தவாறே, பிற எச்3 புரதங்களின் அவ்விலைசீனில் மீதைற் கூட்டத்தைச் சேர்க்கும் நொதியத்தைத் தடுத்துவிடும்.